காற்றின் இயல்பு கண்ட டிண்டல்

தோற்றுவாய்

சென்னையினின்று கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில், கடலூர் மாவட்டத்தில், வடக்குத்து என்னும் ஊர் உளது. அதனை அடுத்து விளங்குவது நெய்வேலி நகரம். முன்னாளில் அவ்வட்டாரம் செம்மண் நிலமும் முந்திரித் தோப்பும் பலாமரச் சோலையுமாகக் காட்சியளித்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் பெருநிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருளொன்றும் வெளிப்பட்டது. அப்பொருள் பழுப்பு நிலக்கரி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1956 ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962 ஆம் ஆண்டில் அந்நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் பணி தொடங்கிற்று. இருண்டு கிடந்த இல்லங்களில் விளக்குகள் எரிந்தன; வறண்டு கிடந்த வயல்களுக்கு நீர் இறைக்கும் பொறிகள் ஓடின; ஆலைகள் இயங்கின. நெய்வேலியால் தமிழகம் பெற்ற நன்மை சிறிதன்று.

அங்கு வானளாவி நிற்கும் புகைபோக்கிகளிலிருந்து வெளிவருவனவற்றுள் கண்ணுக்குப் புலனாவன சில, புலனாகாதன சில. புலனாகும் வெண்படலம் சிறிது நேரத்தில் கலைந்து போகின்றது. புலனாகாமற் செல்வனவற்றுள் தலையாயது கரியமில வாயு. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. கரி எரியுமிடமெல்லாம் அது தோன்றும். 12 பங்கு எடையுள்ள கரி முற்றும் எரிந்தால் 44 பங்கு எடையுள்ள கரியமில வாயு உண்டாகும். கண் காணாத இவ்வாயு வானிற் கலந்து யாது செய்கின்றது? இவ்வினாவிற்குத் துலக்கோல் பிடித்து நிறுத்தாற்போல விடை கண்டவர் ஓர் ஏழைக் காவலரின் மைந்தர். அவரே ஜான் டிண்டல் என்னும் பெயரினர்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்து நாட்டில் கார்லோ என்னும் கோட்டத்தில் லெய்லின்பிரிட்ஜ் என்பது ஆற்றங்கரையிலே அமைந்த ஓர் ஊர். அவ்வூரில் 1820 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2 ஆம் நாள் டிண்டல் பிறந்தார். வடலூரில் அருள் விளக்கேற்றிய வள்ளலார் பெருமான் மருதூரில் தோன்றுவதற்கு மூன்றாண்டு முற்பட்ட காலம் அது. தந்தையார் காவல் துறையிற் சிறு பணி புரிந்தவர். செல்வம் இல்லாராயினும் நூல்களிற் பற்றுடையவர். கல்வியே தம் மகனுக்குத் தாம் வைத்துச் செல்லத்தக்க சொத்து என்று அவர் கருதினார்.

அக்காலத்து அயர்லாந்தில் கிறித்தவருள்ளேயே இரு பிரிவினரிடையே கடும் பகை நிலவியது. டிண்டலின் குடும்பம் ஒரு பிரிவைச் சார்ந்தது; அண்டை ஊரில் கணக்கிலும் நில அளவையிலும் வல்லவராய் விளங்கிய கான்வில் என்னும் ஆசிரியர் மற்றொரு பிரிவைச் சார்ந்தவர். ஊரார் கூறும் பழிக்கு அஞ்சாது தந்தையார் தம் மகனை அவ்வாசிரியரிடமே அனுப்பினார். கல்வி கற்பிப்பார் எப்பிரிவினர் என்று நோக்காது, எத்துணை வல்லவர் என்று நோக்கிய அப்பெருந்தன்மையே டிண்டலின் பிற்கால உயர்வுக்கு வித்தாயிற்று. கோணமும் நீளமும் பிழையின்றி அளக்கும் பயிற்சியை அவர் அப்பள்ளியிலேதான் பெற்றார்.

உழைப்பும் இடர்ப்பாடும்

1839 ஆம் ஆண்டில், பத்தொன்பது வயது நிரம்பும் முன்னரே, டிண்டல் அரசாங்கத்தின் நில அளவைப் பகுதியிற் பணியேற்றார். 1842 இல் இங்கிலாந்தில் உள்ள பிரெஸ்டன் நகருக்கு மாற்றப்பட்டார். ஊதியம் மிகக் குறைவு, வேலையோ மிகுதி. பகலெல்லாம் உழைத்த அவர், மாலையில் தொழிலாளர் கல்விக் கழகத்திற் சேர்ந்து சொற்பொழிவுகளைக் கேட்டார். உடன் உழைத்த இளைஞர்கள் குறைந்த கூலியால் வருந்துதல் கண்டு வாளாவிருக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. தோழர் சிலரோடு கூடி மேலோருக்குக் குறை தெரிவித்து எழுதினார். அதன் பயனாக 1843 இல் பணியினின்றும் நீக்கப்பட்டார்.

வேலை இழந்த இளைஞர் சில காலம் தாயகத்திலே தங்கி அல்லலுற்றார். பின்னர் இங்கிலாந்து நாடெங்கும் இருப்புப்பாதை போடும் வேகம் மிகுந்தபோது, பாதைக்கு நிலம் அளக்கும் தொழிலை மேற்கொண்டார். மழையிலும் பனியிலும் காடு மேடெல்லாம் அலைந்து அளந்தார். இரவில் விளக்கொளியில் வரைபடம் தீட்டினார். கைப்பொருள் ஓரளவு சேர்ந்தது. ஆயினும் பொருள் ஈட்டும் வழி திறந்திருந்த அந்நேரத்தில் அவர் உள்ளம் அறிவு ஈட்டும் வழியை நாடிற்று. 1847 இல் தொழிலை விட்டுக் குவீன்வுட் கல்லூரியில் கணக்கும் நில அளவையும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். ஆங்கே வேதியியல் ஆசிரியராக இருந்த பிராங்க்லண்டு என்பாரோடு நட்புப் பூண்டார். ஒருவர் மற்றவருக்குத் தாம் அறிந்ததைக் கற்பித்தனர்.

கடல் கடந்த கல்வி

அந்நாளில் அறிவியற் கல்விக்குத் தலைசிறந்து விளங்கியது ஜெர்மனி. 1848 இல் நண்பர் இருவரும் அந்நாட்டு மார்புர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். டிண்டலுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. இளமை கழிகின்றதே என்று அவர் அஞ்சினாரல்லர். சேர்த்து வைத்த சிறு தொகையைச் செட்டாகச் செலவிட்டு, எளிய உணவு உண்டு, வைகறையில் எழுந்து பயின்றார். ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொண்டே அம்மொழியில் நிகழ்ந்த பாடங்களையும் கேட்டார். புன்சன் என்னும் பேரறிஞரிடம் வேதியியலைக் கற்றார். பிறர் மூன்றாண்டு பயிலும் பாடத்தை இரண்டாண்டுக்குள் முடித்து, 1850 இல் முனைவர் பட்டம் எய்தினார்.

தாயகம் திரும்பியபின் காந்தம் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் அறிஞர் நோக்கினைக் கவர்ந்தன. 1852 இல் ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் பேரவை அவரை உறுப்பினராக ஏற்றது. 1853 இல் இலண்டன் மாநகரிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் இயற்பியற் பேராசிரியராக அமர்த்தப் பெற்றார். அங்குத்தான் மின்னியல் மேதை பாரடே வாழ்ந்தார். பாரடே ஒரு கொல்லரின் மகனார். டிண்டல் ஒரு காவலரின் மகனார். பாரடேயினிடத்து டிண்டல் மகன் தந்தையிடம் காட்டும் அன்பு காட்டினார். 1867 இல் பாரடே மறைந்தபின் அந்நிலையத்தின் பொறுப்பு டிண்டலின் தோள்மேல் வந்தது. ஆசானின் ஆராய்ச்சித் திறத்தை விளக்கி அவர் ஒரு நூலும் இயற்றினார்.

பனிமலையிற் பெற்ற எண்ணம்

ஆராய்ச்சிக் கூடத்தில் அடைபட்டுக் கிடக்கும் இயல்பினர் அல்லர் டிண்டல். 1856 முதல் கோடைதோறும் ஆல்ப்ஸ் மலைக்குச் சென்றார். மலைச் சரிவில் உறைந்து கிடக்கும் பனியாறுகள் மெல்ல மெல்ல நகர்ந்து இறங்குதலை நில அளவைக் கருவி கொண்டு அளந்தார். மலையேற்றத்திலும் அவர் வல்லுநர். ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரமுள்ள வைஸ்ஹார்ன் சிகரத்தின் உச்சியை 1861 ஆகஸ்டு 19 இல் முதன்முதல் அடைந்தவர்கள் அவரும் அவருடைய வழிகாட்டிகள் இருவருமே.

பண்டைக் காலத்தில் பனியாறுகள் இன்றிருப்பதினும் நெடுந்தொலைவு பரவிக் கிடந்தன என்பதற்குச் சான்றுகள் பாறைகளிற் காணப்பட்டன. உலகம் ஒருகாலத்திற் குளிர்ந்தும் ஒருகாலத்தில் வெதும்பியும் வந்தது என்றால், அம்மாற்றத்துக்குக் காரணம் யாது? இவ்வினா அந்நாளைய அறிஞர் பலரையும் உறுத்திற்று. காற்றிலே விடை இருத்தல் கூடும் என்று எண்ணினார் டிண்டல்.

முன்னோர் சிலர் இவ்வழியில் அடியெடுத்து வைத்திருந்தனர். கதிரவன் ஒளி காற்றினூடே எளிதிற் புகுந்து நிலத்தைச் சூடாக்குகின்றது. சூடேறிய நிலம் கண்ணுக்குத் தோன்றாத வெப்பக் கதிர்களை வானை நோக்கி விடுகின்றது. அக்கதிர்கள் எளிதில் வெளியேறாதவாறு காற்று தடுக்கின்றது என்று பிரான்சு நாட்டுப் பூரியே 1824 இல் கருத்துரைத்தார். 1856 இல் அமெரிக்க நாட்டு யூனிஸ் பூட் என்னும் அம்மையார், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். ஈரக்காற்றும் கரியமில வாயுவும் மற்றவற்றினும் மிகுதியாகச் சூடேறுதலைக் கண்டார். கரியமில வாயு மிக்கிருந்த காலத்தில் உலகம் இன்றினும் வெப்பமாக இருந்திருக்கும் என்றும் அவர் உய்த்துணர்ந்தார். அவ்வம்மையாரின் பெருமை நூற்றாண்டுக்கு மேல் மறைந்து கிடந்து அண்மைக் காலத்திலேதான் வெளிப்பட்டது. ஆயினும் வெயிலின் வெப்பம் வேறு, நிலம் உமிழும் வெப்பம் வேறு எனப் பிரித்தறிய அவர்தம் எளிய கருவிகள் இடந்தரவில்லை. நிலம் உமிழும் வெப்பத்தை எந்த வாயு எவ்வளவு தடுக்கின்றது என்பதை அளந்து காட்டுவார் ஒருவர் வேண்டப்பட்டார்.

அளக்கவொண்ணாததை அளந்தமை

1859 ஆம் ஆண்டு மே மாதத்தில் டிண்டல் இவ்வாராய்ச்சியில் இறங்கினார். நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றை அமைத்தார். அதன் இரு முனைகளையும் மூடவேண்டும். ஆனால் வெப்பக் கதிர்கள் தங்குதடையின்றிப் புகவும் வேண்டும். கண்ணாடி ஒளியை விடுமேயன்றி இத்தகைய வெப்பக் கதிரை விடாது. ஆதலின் தெளிந்த இந்துப்புப் பாளங்களைப் பளபளப்பாகத் தேய்த்து முனைகளிற் பொருத்தினார். குழாயின் ஒருபுறம் கொதிநீர் நிறைந்த பெட்டி வெப்பக் கதிரை வீசியது. மறுபுறம் வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் நுண்கருவி ஒன்று நின்றது. அம்மின்சாரத்தால் அசையும் காந்த ஊசி, வெப்பத்தின் ஏற்றக்குறைவைக் காட்டியது.

எடுத்த எடுப்பில் வெற்றி கிட்டவில்லை. கதிரின் வலிமையால் ஊசி வெகுதூரம் விலகி நின்றது. அந்நிலையில் வெப்பம் சிறிது குறைந்தாலும் அதனை ஊசி காட்டாதாயிற்று. நிறைந்த தராசுத் தட்டில் ஒரு குன்றிமணி கூடினும் குறையினும் தெரியாதவாறு போன்றது அது. டிண்டல் சிந்தித்தார். நுண்கருவியின் பின்புறத்தே மற்றொரு கொதிநீர்ப் பெட்டியை வைத்து, இருபுற வெப்பமும் சமமாகுமாறு செய்தார். ஊசி நடுவிலே நின்றது. இப்போது குழாயினுள் வாயுவைச் செலுத்தினால், அவ்வாயு எள்ளளவு வெப்பத்தை உறிஞ்சினும் சமநிலை குலைந்து ஊசி அசையும். இருதட்டும் சமமாக நிற்கும் துலாக்கோலே நுண்மையாக நிறுக்கும் என்னும் உண்மையே இதன் உயிர்நாடி.

பின்னும் தடைகள் தோன்றின. ஊசியைச் சுற்றிய கம்பிச் சுருளுக்கு உறையாக இருந்த பச்சைப் பட்டு நூலின் சாயத்தில் இரும்பின் கலப்பு நுண்ணிய அளவில் இருந்தது. அதுவும் காந்த ஊசியை இழுத்து அளவைக் கெடுத்தது. அதனை நீக்கி வெண்பட்டு சுற்றிய கம்பியை அமைத்தார். இவ்வாறு ஒவ்வொரு பிழையையும் தேடிக் களைந்தபின் உண்மை வெளிப்பட்டது.

காற்றின் பெரும்பகுதியாகிய நைட்ரஜனும் பிராணவாயுவும் வெப்பக் கதிரைச் சிறிதும் தடுக்கவில்லை என்னுமாறு நின்றன. ஊசி அசைந்ததாகவே தோன்றவில்லை. ஆனால், காற்றிலே மிகச் சிறு அளவினவாகிய நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிரை வலிந்து உறிஞ்சின. சதுப்பு நிலத்தில் உண்டாகும் மீதேன் வாயு, நைட்ரஸ் ஆக்சைடு, ஓசோன் ஆகியனவும் அத்தன்மையனவே. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்காக இருப்பவை வாளா இருப்ப, நூற்றில் ஒரு பங்குதானும் நிரம்பாதவை வெப்பத்தைப் பிடித்து நிறுத்துகின்றன என்னும் செய்தி அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்திற்று. 1859 ஜூன் 10 ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட்டு தலைமை வகித்த அவையில் டிண்டல் இதனைச் செய்து காட்டினார். 1861 பிப்ரவரியில் ராயல் சொசைட்டியில் தம் ஆராய்ச்சியை முழுமையாக வெளியிட்டார். இவ்வாயுக்களின் அளவு மாறினால் உலகின் தட்பவெப்பநிலையும் மாறும் என்பதை அவர் அன்றே எடுத்துரைத்தார். இன்று பசுமை இல்ல வாயுக்கள் என வழங்கப்பெறுவன இவையே.

இவ்வுண்மையைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் ஓர் அணையை உவமை காட்டினார். ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் நீர் அவ்விடத்தே உயர்ந்து நின்று, பின்னர் வழிந்து செல்லும். கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் நீர் தேங்கி நிற்றலைக் கண்டார்க்கு இஃது எளிதில் விளங்கும். அதுபோல, நிலத்தினின்று வானை நோக்கிப் பாயும் வெப்பத்தின் குறுக்கே காற்று ஓர் அணையாக நிற்பதால், நிலத்தருகே வெப்பம் உயர்ந்து நிற்கின்றது. அணையே இல்லையேல் நிலவுலகின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகையாக இருக்கும் என்று பிற்காலத்தார் கணக்கிட்டனர். இன்றோ அது உறைநிலைக்கு மேல் ஏறத்தாழ 15 பாகையாக இருக்கின்றது. உயிர்கள் வாழ்வது இவ்வணையினாலேயாம்.

நம் நாட்டு வழக்கம் ஒன்றையும் டிண்டல் சான்றாகக் கொண்டார். வங்கநாட்டில் முற்காலத்தார் குளிர்கால இரவுகளில் அகன்ற மட்கலங்களில் நீரூற்றி, வைக்கோற் பரப்பின்மேல் வைப்பர்; விடியலில் நீர் பனிக்கட்டியாக உறைந்திருக்கும். காற்றின் வெப்பம் உறைநிலைக்கு மேல் இருப்பினும் இவ்வாறு நிகழ்தல் உண்டு. வானம் தெளிந்திருந்தால் மட்டும் போதாது, காற்றில் நீராவியும் குறைந்திருந்தாலன்றிப் பனிக்கட்டி செவ்வனே உண்டாகாது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நீராவி என்னும் போர்வை விலகிய இரவில் நிலத்தின் வெப்பம் விரைந்து வானிற் சென்றுவிடும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேறு யாது?

பிற தொண்டுகள்

டிண்டலின் நோக்கு ஒன்றோடு அமையவில்லை. இருண்ட அறையினுள் சாளர இடுக்கின் வழியே வெயிற்கோடு புகும்போது, அதிலே தூசிகள் மின்னுதலை எல்லாரும் கண்டிருப்பர். நுண்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதை அவர் ஆராய்ந்தார். அது டிண்டல் விளைவு என்று அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. வானத்தின் நீலநிறத்துக்குக் காரணம் தேடிய அவ்வழியிலே ராலே என்பார் மேலும் நடந்தார். கடலின் நீலநிறத்துக்குக் காரணம் தேடி நம் தமிழ்நாட்டுச் சர் சி. வி. இராமன் அதே துறையில் உலகப்புகழ் எய்தினார்.

தூசியற்ற காற்றில் வைத்த உணவுநீர் கெடுவதில்லை என்பதைக் காட்டி, நோய்க்கிருமிகள் தாமே தோன்றுவன அல்ல என்னும் பாஸ்டரின் கொள்கைக்கு டிண்டல் அரண் செய்தார். தீயணைப்போர் புகையினிடையே மூச்சுவிட உதவும் முகக்கருவி ஒன்றனையும் அமைத்தார். கடலில் மூடுபனி கவிந்த நேரத்துக் கப்பல்களுக்கு எச்சரிக்கை தரும் ஒலிக்கருவிகளை ஆராய்ந்து மாலுமிகளின் உயிரைக் காத்தார். கற்றாரும் கல்லாரும் கேட்டு இன்புறுமாறு சொற்பொழிவாற்றுவதில் அவருக்கு நிகராவார் சிலரே. 1872 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்று பல நகரங்களிற் பேசினார். செலவு போக எஞ்சிய தொகை 13,000 டாலருக்கு மேல் இருந்தது. அதிலே ஒரு காசும் கொள்ளாது, அந்நாட்டு இளைஞர்கள் அறிவியல் கற்பதற்கே அளித்துவிட்டார். கையிற் பொருளின்றி அயல்நாட்டிற் கற்ற அந்நாட்களை அவர் மறந்தாரல்லர்.

இல்லறமும் இறுதியும்

ஐம்பத்தைந்தாம் வயதில், 1876 இல், லூயிசா என்னும் நங்கையாரை டிண்டல் மணந்தார். இருவரும் கருத்தொருமித்து வாழ்ந்தனர். கணவரின் கடிதங்களை எழுதுவதிலும், ஆராய்ச்சிக் குறிப்புக்களை ஒழுங்குசெய்வதிலும், மலையேறுவதிலும் அம்மையார் துணை நின்றார். இளமை முதல் ஓய்வறியாது உழைத்ததன் விளைவாகத் தூக்கமின்மை என்னும் நோய் டிண்டலைப் பற்றிற்று. 1887 இல் பதவியினின்றும் ஓய்வு பெற்று, ஹைண்டுஹெட் என்னும் மேட்டுநிலத்தில் இல்லம் அமைத்து வாழ்ந்தார்.

இரவில் உறக்கம் வருதற்குக் குளோரால் என்னும் மருந்தையும், காலையில் வயிற்றுக்கோளாறு நீங்க மக்னீசியா என்னும் மருந்தையும் அவர் உட்கொள்வது வழக்கம். 1893 டிசம்பர் 4 ஆம் நாள் காலையில் அம்மையார் ஒரு மருந்துக்கு மற்றொரு மருந்தை மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார். துளியளவில் உறக்கம் தந்து வந்த குளோரால் பேரளவில் உள்ளே சென்றுவிட்டது. சுவை வேறுபட்டதைக் கண்டு நிகழ்ந்ததை உடனே உணர்ந்தனர் இருவரும். மருத்துவர் செய்த முயற்சிகள் பயன்படவில்லை. அன்று மாலையே டிண்டலின் உயிர் பிரிந்தது.

அன்பினால் மருந்து கொடுத்த கையே இறுதிக்குக் காரணமாயிற்று என்பதை எண்ணி அம்மையார் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. அவர் நிகழ்ந்ததை மறைத்தாரல்லர். நடந்தவாறே வெளிப்படக் கூறினார். அதன்பின் 46 ஆண்டுகள் கைம்மை நோற்றுக் கணவரின் கடிதங்களையும் நாட்குறிப்புக்களையும் திரட்டி, அவருடைய வரலாற்றை முறையாக எழுதுதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டார். தாம் எழுதுவது அவருக்கு ஏற்றதாக அமையவேண்டுமே என்னும் கவலையால் நூல் முடியவேயில்லை. 1940 இல் அம்மையாரும் மறைந்தார். அவர் திரட்டிய ஏடுகளைக் கொண்டு பிறர் எழுதிய வரலாறு 1945 இல் வெளிவந்தது.

அவர் விதைத்த விதை

டிண்டல் கண்ட உண்மை அவரோடு முடியவில்லை. சுவீடன் நாட்டு அரீனியஸ் 1896 இல் கணக்கிட்டு, காற்றிலுள்ள கரியமில வாயு இருமடங்கானால் உலகின் வெப்பம் 5 அல்லது 6 பாகை உயரும் என்றார். இன்றைய அறிஞர் கணக்கு ஏறத்தாழ 3 பாகை. 1938 இல் காலண்டர் என்னும் பொறியியலறிஞர், உலகெங்கும் 147 இடங்களிற் பதிவான வெப்ப அளவுகளைத் தொகுத்து, உலகம் சூடேறி வருதலைக் காட்டினார். 1958 முதல் கீலிங் என்பார் ஹவாய்த் தீவின் மவுனலோவா மலையில் கரியமில வாயுவை நாள்தோறும் அளக்கலானார். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் இலட்சம் பங்கு காற்றில் 28 பங்காக இருந்த கரியமில வாயு, கீலிங் அளக்கத் தொடங்கியபோது 31 பங்கைக் கடந்திருந்தது. இக்காலத்தில் 42 பங்கையும் கடந்துவிட்டது. 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டில் நிலவுலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியினும் ஏறத்தாழ 1.1 பாகை வெப்பம் மிக்கிருந்தது. டிண்டல் கோலூன்றி அளந்த ஆல்ப்ஸ் பனியாறுகள் சுருங்கி மேலேறுகின்றன.

இத்துறையில் தமிழருக்கும் சிறந்த பங்குண்டு. நெய்வேலிக்கு அணித்தேயுள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்று 1965 இல் பட்டம் பெற்றவர் வீரபத்திரன் இராமநாதன். அவர் முதலிற் குளிர்ப்பெட்டி செய்யும் தொழிலிற் பணியாற்றினார். குளிர்ப்பெட்டியினின்று கசியும் வாயுவைத் தடுப்பது அந்நாளில் அவர் கவலையாக இருந்தது. பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ந்து, அக்குளிர்ப்பெட்டி வாயுவின் மூலக்கூறு ஒன்று கரியமில வாயுவின் மூலக்கூறு பதினாயிரத்தினும் மிகுதியாக வெப்பத்தைத் தடுக்கவல்லது என்பதை 1975 இல் வெளியிட்டார். ஓசோன் படலத்தைக் காக்கும் பொருட்டு 1987 இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் செய்த உடன்படிக்கையால் அவ்வாயு படிப்படியே விலக்கப்பட்டது. அதனால் உலகம் சூடேறுவதும் ஓரளவு தணிந்தது. அளந்தறிந்தபின் மாந்தர் ஒன்றுகூடித் திருந்துதலும் கூடும் என்பதற்கு அது சான்று.

முடிவுரை

வடக்குத்தினின்று பார்த்தாலும், உலகின் வேறெந்த ஊரினின்று பார்த்தாலும், வானம் ஒன்றே. பூமியின் வயிற்றில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரஞ்செடிகளாற் புதைபட்ட கரி, சில பத்தாண்டுகளில் வெளிவந்து வானிற் கலக்கின்றது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையிற் பாதி நீரே. அந்நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாவதால், அதே மின்சாரத்திற்கு நல்ல கரியினும் மிகுதியான கரியமில வாயு எழுகின்றது. 1962 இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 இல் ஓய்வு பெற்றது. அதே நிறுவனம் கதிரவன் ஒளியிலிருந்து 1,000 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கும் நிலையங்களையும் அமைத்துள்ளது. ஆயினும் நிலக்கரி எரிவது நின்றபாடில்லை. அத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் பல. இரண்டையும் சீர்தூக்கி வழி காணும் பொறுப்பு இனிவரும் தலைமுறையினரைச் சார்ந்தது.

கரியமில வாயு பகையன்று. அஃதின்றேல் உலகு உறைந்துபோம், பயிரும் விளையாது. மிக்கபோதுதான் அது தீங்கு பயக்கின்றது. உறக்கம் தந்த மருந்தே அளவு கடந்தபோது டிண்டலின் உயிரைக் கொண்டது. மயில் தோகையே ஆயினும் ஓயாது ஏற்றிக்கொண்டு போனால் வண்டியின் இருசு முறியும் என்னும் வள்ளுவர் கருத்து, கண்ணுக்குப் புலனாகாத இவ்வாயுவுக்கு முற்றும் பொருந்துவதாகும். தோகை இலேசானது என்பதனால் எண்ணாமல் விடுவது பேதைமை. எண்ணி ஏற்றுவது அறிவுடைமை. அங்ஙனம் எண்ணுதற்குரிய அளவுகோலை உலகிற்கு அளித்தவர், கூலி குறைந்ததென்று முறையிட்டு வேலையிழந்த அந்நில அளவை இளைஞரே. அவர் தந்த கோல் இன்று மாந்தர் அனைவர் கையிலும் உளது. அளந்து வாழ்வதும் அளவின்றி அழிவதும் அவரவர் செயலே ஆகும்.